காபி கப்புக்கு அடியில் ஒரு காணாமல்போன கிளி! - ஆடுபன் பறவைகளின் 'ஒரிஜினல் சைஸ்' கதை

ஆன்லைனில் கோஸ்டர் தேடிப் பாருங்கள். மண்டலா டிசைன், வார்லி ஓவியம், மர வளையம் என வரிசையாக வரும். நடுவில் ஒரு செட் கட்டாயம் கண்ணில் படும். பழுப்பேறிய காகிதம் போன்ற பின்னணி, அதில் ஒரே ஒரு பறவை. இளஞ்சிவப்பு பூநாரை, நீல நாரை, மஞ்சள் தலையும் பச்சை உடம்புமாகக் கிளி. கீழே வளைந்த எழுத்தில் பறவையின் பெயர். 'விண்டேஜ் பேர்ட்ஸ்' என்று தலைப்பு போட்டிருப்பார்கள். பார்த்ததும் பிடிக்கும். ஆபீஸ் டேபிளுக்கு வாங்கலாம், கிரஹப்பிரவேசத்துக்கு கிஃப்டாகவும் கொடுக்கலாம்.

இப்படி விற்கும் பறவைகள் எல்லாமே ஒருவர் வரைந்தவை கிடையாது. ஆனால், அந்தக் கூட்டத்தில் அடிக்கடி திரும்பத் திரும்ப வருகிற கை ஒருவருடையது. ஜான் ஜேம்ஸ் ஆடுபன். 1851-ல் இறந்துபோனவர். ஓவியங்களுக்குக் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. அதனால் யார் வேண்டுமானாலும் எடுத்து மக், தலையணை உறை, போன் கவர், கோஸ்டர் என எதில் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பறவையைச் சின்னதாக்கி வரையவே மாட்டேன் என்று வாழ்க்கை முழுக்க அடம்பிடித்த மனிதர் இவர். வான்கோழி எவ்வளவு பெரிதோ, படத்திலும் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்றார். அவருடைய பறவைதான் இன்று நாலு இன்ச் அட்டையில், உங்கள் டம்ளருக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. சின்னதாக்கியதில் என்னென்ன வெட்டுப்பட்டுப் போச்சு தெரியுமா? வாங்க, அந்த ஆளோட கதையை அவர் விரும்பிய மாதிரியே முழு சைஸில் பார்க்கலாம்.

பெயரை மாற்றிக்கொண்டே இருந்த பையன்

1785 ஏப்ரல் 26. கரீபியன் கடலில், இன்று ஹைட்டி என்று சொல்லப்படும் நாட்டில் பிறந்தார். அப்போது அது பிரான்ஸின் காலனி. அப்பா பிரெஞ்சு கப்பல்காரர். அங்கே கரும்புத் தோட்டம் வைத்திருந்தார். அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். அம்மா, கல்யாணம் ஆகாத பணிப்பெண். குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே அவர் இறந்துவிட்டார்.

அப்பாவுக்கு பிரான்ஸில் ஏற்கெனவே மனைவி உண்டு. பையன் அந்த வீட்டுக்குப் போனான். அந்த அம்மா பெரிய மனதோடு ஏற்றுக்கொண்டார். 1794-ல் முறைப்படி தத்தெடுத்தார்கள். பெயரும் மாறியது. 18 வயதில் நெப்போலியனின் படையில் சேர வேண்டிய நிலை வந்தபோது, அப்பா போலி பாஸ்போர்ட் எடுத்து மகனை அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார். அங்கே போய்ச் சேர்ந்தவர், ஜான் ஜேம்ஸ் ஆடுபன்.

பிறப்பு பற்றிய உண்மையை அவர் கடைசிவரை மறைத்தார். லூசியானாவில் பிறந்தேன் என்பார். பாரிஸில் பெரிய ஓவியரிடம் படித்தேன் என்பார். ரெண்டும் கதை. தன்னைப் பற்றியே கதை கட்டுகிற இந்தப் பழக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி மறுபடியும் வரும்.

கடையில் மனசு நிற்கவில்லை

பென்சில்வேனியாவில் அப்பாவின் பண்ணை. பக்கத்து வீட்டுப் பெண் லூசி பேக்வெல். 1808-ல் கல்யாணம். புது ஜோடி கென்டக்கி மாநிலத்துக்குக் குடிபோய் மளிகைக் கடை வைத்தது. ஆடுபனுக்கு கல்லாவில் உட்காரப் பிடிக்காது. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவார், பறவையோடு திரும்பி வந்து வரைவார்.

ஹெண்டர்சன் என்ற ஊரில் கொஞ்சகாலம் வாழ்க்கை நன்றாகவே போனது. நிலம், வீடு, நீராவி மில் எல்லாம் இருந்தது. கூடவே அடிமைகளும் இருந்தார்கள். வெவ்வேறு சமயத்தில் ஒன்பது பேர் வரை அவர் வைத்திருந்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. 1819-ல் அமெரிக்காவையே பொருளாதார நெருக்கடி உலுக்கியது. மில் மூழ்கியது. கடனைக் கட்ட முடியாமல் ஜெயிலுக்குப் போனார், திவால் மனு கொடுத்து வெளியே வந்தார். இந்தக் காலகட்டத்தில் இரண்டு பெண் குழந்தைகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தார்கள். மிஞ்சியவர்கள் இரண்டு மகன்கள்.

அதே 1819-ன் தொடக்கத்தில் நடந்த ஒரு விஷயம், கோஸ்டர் விற்கிற எந்தப் பக்கத்திலும் இருக்காது. அடிமைகள் இருவரோடு சின்னப் படகில் மிசிசிப்பி ஆற்றில் இறங்கி நியூ ஆர்லியன்ஸ் போனார் ஆடுபன். ஊர் வந்ததும் படகை விற்பனைக்கு வைத்தார். அந்த இருவரையும் சேர்த்தே வைத்தார். அவர் பார்த்த பறவைகளுக்கெல்லாம் இனப்பெயர் இருக்கிறது, லத்தீன் பெயர் இருக்கிறது. அந்த இரண்டு பேரைப் பற்றிப் பேசும்போது நாம் இன்னமும் 'இரண்டு பேர்' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சுட்டார், கம்பி கட்டினார், வரைந்தார்

கையில் காசு இல்லை. ஊர்க்காரர்களின் முகங்களை வரைந்து பிழைப்பு ஓடியது. இறந்துபோனவர்களின் முகத்தையும் கடைசி நினைவாக வரைந்து கொடுத்தார். 35 வயது. வெளியிலிருந்து பார்த்தால் வாழ்க்கையில் தோற்ற மனிதர். அப்போதுதான் ஒரு முடிவெடுத்தார். அமெரிக்காவில் இருக்கிற பறவைகள் எல்லாவற்றையும் வரைந்துவிட வேண்டும். அதுவும் அசல் அளவில்!

1820 அக்டோபரில் படகு ஏறினார். கூடவே ஜோசப் மேசன் என்ற 13 வயதுப் பையன். ஆடுபன் பறவையை வரைவார், மேசன் அதைச் சுற்றி இலையும் பூவும் கிளையும் வரைவான்.

இப்போதிருப்பது போல அன்று டெலிபோட்டோ லென்ஸ் கிடையாது. பறவையைப் பக்கத்தில் பார்க்க ஒரே வழி, சுடுவது. பொடிக் குண்டுகளைப் போட்டுச் சுடுவார், இறகு கெடக் கூடாது. அப்புறம் கட்டம் போட்ட பலகையில் பறவையை வைத்து, உடம்புக்குள் கம்பி செலுத்தி, பறப்பது போல, கொத்துவது போல, சண்டை போடுவது போல நிறுத்துவார். அதே அளவுக் கட்டங்களைத் தாளிலும் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் அளந்து வரைவார். நிறம் மங்குவதற்குள் முடித்தாக வேண்டும்.

அவருக்கு முன்பு வரைந்தவர்களின் பறவைகள் பெரும்பாலும் பக்கவாட்டில், விறைப்பாக, மியூசியம் பொம்மை போல நிற்கும். ஆடுபனின் பறவைகளோ இரை பிடிக்கும், கூட்டில் நுழைந்த பாம்போடு போராடும், குஞ்சுக்கு ஊட்டும். இந்த உயிர்ப்புதான் 200 வருஷம் கழித்தும் உங்கள் கண்ணை இழுக்கிறது. அந்த உயிர்ப்பு வந்தது செத்த பறவையின் உடம்பில் கட்டிய கம்பியிலிருந்து. இந்த ரெண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது.

1833-ல் நடந்தது இன்னும் கொடுமை. பாஸ்டனில் உயிரோடு ஒரு பொன் கழுகை வாங்கினார். விட்டுவிடலாமா என்று கூட யோசித்தார். கடைசியில், இறகு கெடாமல் கொல்ல மூடிய அறையில் கரிப்புகை போட்டுப் பார்த்தார். கழுகு அசையவில்லை, அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முடிவில் கூரான இரும்பை நெஞ்சில் குத்திக் கொன்றார். ராப்பகலாக உட்கார்ந்து வரைந்தார், முடித்ததும் நோயில் விழுந்தார். இதையெல்லாம் ஒளிக்காமல் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

வீட்டை ஓட்டியது யார்?

இத்தனை வருஷம் ஊர் ஊராகச் சுற்றினாரே, வீட்டுக்கு யார் சோறு போட்டது? லூசி. லூசியானாவில் ஒரு தோட்டக்காரர் வீட்டில் தங்கி, அங்குள்ள குழந்தைகளுக்குப் பாடமும் பியானோவும் சொல்லிக்கொடுத்து மகன்களை வளர்த்தார். கணவர் இங்கிலாந்து போகிறேன் என்றபோது, அந்தச் செலவுக்கு லூசியின் சம்பாத்தியமும் உதவியது.

ஏன் இங்கிலாந்து? அமெரிக்காவில் வாசல்கள் மூடிவிட்டன. 1824-ல் பிலடெல்ஃபியா போய்ப் பதிப்பாளர் தேடினார். அலெக்ஸாண்டர் வில்சன் என்பவரின் பறவை நூலுக்கு அங்கே ஏற்கெனவே பெரிய மரியாதை இருந்தது. அவருடைய ஆதரவாளர்கள் ஆடுபனை உள்ளே விடவில்லை. 1826-ல் பஞ்சு ஏற்றிய கப்பலில் நியூ ஆர்லியன்ஸிலிருந்து கிளம்பி லிவர்பூலில் இறங்கினார்.

அங்கே கதையே மாறியது. தோள் வரை தொங்கும் முடியோடு, அமெரிக்கக் காட்டு மனிதன் என்று தன்னைத்தானே மார்க்கெட்டிங் செய்துகொண்டார். கதை கட்டும் பழக்கம் இங்கே கைகொடுத்தது. ஓவியங்களைப் பார்க்கக் கூட்டம் கூடியது.

39 இன்ச் புத்தகம்

முதலில் எடின்பர்க்கில் லிசார்ஸ் என்பவர் அச்சுத் தகடு செய்தார். வண்ணம் பூசுகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்ய, பணி லண்டனுக்கு மாறியது. அங்கே கிடைத்தவர் ராபர்ட் ஹேவல். ஓவியத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கி, கறுப்பு மையில் அச்சடித்து, பிறகு ஒவ்வொரு தாளுக்கும் கையாலேயே வண்ணம் பூச வேண்டும். ஹேவலின் பட்டறையில் இதற்கென்றே பெரிய கூட்டம் வேலை பார்த்தது.

'அமெரிக்கப் பறவைகள்' நூல் 1827-ல் தொடங்கி 1838-ல் முடிந்தது. மொத்தம் 435 படங்கள். தாள் சுமார் 39 இன்ச் உயரம், 26 இன்ச் அகலம். அன்று கிடைத்த தாள்களில் மிகப் பெரிய வகை அது. அதற்குள்ளும் அடங்காத பறவைகள் உண்டே? அங்கேதான் ஆடுபனின் மூளை வேலை செய்தது. பூநாரையின் நீளக் கழுத்தைத் தண்ணீர் குடிப்பது போலக் கீழே வளைத்தார். நாரையைக் குனிய வைத்தார். பறவையைச் சுருக்கவில்லை, மடக்கினார்! உங்கள் கோஸ்டரில் பூநாரை அப்படி அழகாக வளைந்திருப்பதற்குக் காரணம், தாளின் ஓரம்தான்.

விற்றதும் இன்றைய சப்ஸ்கிரிப்ஷன் மாடலில்தான். தவணைக்கு ஐந்து படங்கள்: ஒரு பெரிய பறவை, ஒரு நடுத்தரம், மூன்று சின்னவை. அப்படி 87 தவணைகள். முழு செட்டின் விலை அமெரிக்காவில் சுமார் 1,000 டாலர். இங்கிலாந்து அரசர் நான்காம் ஜார்ஜும் சந்தாதாரர். முழுதாக உருவான செட்டுகள் 200-ஐத் தாண்டவில்லை. 2010-ல் லண்டனில் ஒரு செட் ஏலம் போனது, 73 லட்சம் பவுண்டுக்கு மேல்!

ஆனால், ஆடுபனுக்கு நிம்மதியான வருமானம் இந்தப் பெரிய புத்தகத்தால் வரவில்லை. 1840 முதல் 1844 வரை அதே பறவைகளைக் கைக்கு அடக்கமான சின்ன சைஸில், கல் அச்சில் வெளியிட்டார். விலை 100 டாலர். பிய்த்துக்கொண்டு போனது. அந்தப் பணத்தில்தான் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றங்கரையில் வீடு கட்டினார். சின்னதாக்க மாட்டேன் என்று அடம்பிடித்தவருக்குக் கடைசியில் சோறு போட்டது சின்ன சைஸ்தான். ஒருவகையில் கோஸ்டருக்கு வழி போட்டதும் அவரேதான்.

வெட்டுப்பட்டவர்கள்

அந்தப் பொன் கழுகுக்கே மறுபடி வருவோம். முயலைக் கவ்விக்கொண்டு மலைகளுக்கு மேலே பறக்கிற படம். அசல் ஓவியத்தில் கீழே மூலையில், பள்ளத்தாக்கின் மேல் விழுந்து கிடக்கும் மரத்தில் ஒரு குட்டி மனிதன் ஊர்ந்து போகிறான். முதுகில் துப்பாக்கியும் செத்த பறவையும். அது ஆடுபன் தன்னையே வரைந்துகொண்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஹேவல் அச்சடித்தபோது அந்த மனிதன் இல்லை. மரம் மட்டும் இருக்கிறது. கழுகைக் கொன்றவன் படத்திலிருந்து காணாமல் போய்விட்டான்.

இப்படிக் காணாமல் போனவர்கள் நிறைய பேர். செடிகளை வரைந்த ஜோசப் மேசனின் பெயர் அச்சிட்ட படங்களில் இல்லை. பின்னணிக் காட்சிகளுக்கு ஜார்ஜ் லேமன், பூக்களுக்கு மரியா மார்ட்டின் என்று வேறு கைகளும் இருந்தன. நூலோடு வந்த பறவைக் குறிப்புகளை அறிவியல்பூர்வமாகச் செப்பனிட்டவர் ஸ்காட்லாந்தின் வில்லியம் மெக்கில்லிவ்ரே. அதோடு, பறவைகளைத் தேடவும் பிடிக்கவும் உதவிய கறுப்பினத்தவர்கள், பூர்வகுடிகள். 'ஆடுபன்' என்ற ஒற்றைப் பெயருக்குப் பின்னால் ஒரு பெரிய யூனிட்டே இருந்திருக்கிறது.

கதை கட்டும் பழக்கமும் படத்தில் நுழைந்தது. 'வாஷிங்டன் கழுகு' என்று புது இனமாகச் சொல்லி ஒரு பிரமாண்டமான கழுகை வரைந்தார். அப்படியொரு இனத்தை அவருக்குப் பிறகு யாரும் உறுதிப்படுத்தவில்லை. வளரும் பருவத்து வெண்தலைக் கழுகாக இருக்கலாம் என்பது ஒரு தரப்பு, திட்டமிட்ட புரட்டு என்பது இன்னொரு தரப்பு.

கடைசி வருடங்களில் பார்வை மங்கியது, நினைவும் நழுவியது. 1851 ஜனவரி 27-ல், 65 வயதில் இறந்தார். குடும்பத்தில் பணக் கஷ்டம் மறுபடி வந்தது. லூசி தன் எழுபதுகளில் மீண்டும் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1863-ல் கணவரின் அசல் ஓவியங்களை நியூயார்க் வரலாற்றுச் சங்கத்துக்கு 4,000 டாலருக்கு விற்றார். ஹேவல் செதுக்கிய செப்புத் தகடுகளில் பெரும்பகுதி பழைய இரும்புக்கடைக்குப் போகிற மாதிரி எடைக்குப் போய் உருகியது.

அந்தக் கிளி எங்கே?

இப்போது அந்த மஞ்சள் தலைக் கிளி. கரோலினா கிளி. ஒரே படத்தில் ஏழு கிளிகள், முள்காய்ச் செடியில் தொற்றிக்கொண்டு. அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கென்று இருந்த சொந்தக் கிளி அது. தோட்டத்தில் பழம் தின்ன வந்தால் விவசாயிகள் சுடுவார்கள். செத்து விழுந்த துணையைத் தேடி மற்ற கிளிகள் அதே இடத்துக்குத் திரும்பி வரும், மறுபடி சுடுவார்கள். இதை ஆடுபன் பார்த்து எழுதியிருக்கிறார். கிளிகள் வேகமாகக் குறைகின்றன என்றும் சொல்லியிருக்கிறார். அப்படியும் அவர் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை. கடைசிக் கரோலினா கிளி 1918-ல் சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் செத்தது.

பயணப்புறாவின் கதை இன்னும் மிரட்டும். 1813-ல் கென்டக்கியில் பயணப்புறாக் கூட்டம் வானத்தை மூடிக்கொண்டு பறந்ததை ஆடுபன் பார்த்தார். நடுப்பகலில் கிரகணம் பிடித்த மாதிரி வெளிச்சம் மங்கியதாம். கூட்டம் கடந்துபோக மூன்று நாள் ஆனதாம். வேட்டையால் இந்தக் கூட்டம் குறையாது, காடு குறைந்தால்தான் குறையும் என்று நம்பினார். 1914 செப்டம்பர் 1-ம் தேதி, அதே சின்சினாட்டியில், மார்த்தா என்று பெயரிட்ட கடைசிப் புறாவும் இறந்தது. நூறே வருஷத்தில் எல்லாம் முடிந்தது.

ஆடுபன் வரைந்த பெரிய ஆக், லாப்ரடார் வாத்து ஆகியவையும் இன்று உலகில் இல்லை. கோஸ்டர் செட்டில் இவையும் வரும். உயிரோடு இருப்பது எது, போனது எது என்று அட்டையைப் பார்த்து உங்களால் கண்டுபிடிக்க முடியாது. எல்லாமே ஒரே பளபளப்பில்தான் இருக்கும்.

அப்போ, வாங்கலாமா வேண்டாமா?

இந்தக் கேள்வியை அமெரிக்காவே இப்போது வேறு வடிவில் கேட்டுக்கொண்டிருக்கிறது. லூசியிடம் சிறுவனாகப் படித்த ஜார்ஜ் பேர்ட் கிரின்னல்தான், 1886-ல் பறவைகளைக் காப்பாற்ற முதல் ஆடுபன் சங்கத்தைத் தொடங்கினார். அந்த வழியில் வளர்ந்த தேசிய ஆடுபன் சங்கம், அடிமைகளை வைத்திருந்தவரின் பெயர் நமக்குத் தேவையா என்று விவாதித்து, 2023-ல் பெயரை வைத்துக்கொள்வதாக முடிவெடுத்தது. சியாட்டில், நியூயார்க் நகரக் கிளைகள் அதை ஏற்காமல் தங்கள் பெயரை மாற்றிக்கொண்டன. ஒரே ஆளைப் பற்றி, பறவைகளை ஒரே மாதிரி நேசிக்கிறவர்கள் எடுத்த இரண்டு முடிவுகள்.

உங்கள் கோஸ்டரைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. படங்கள் அழகு, அதில் சந்தேகமே வேண்டாம். வாங்குகிறவர்கள் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். அட்டையில் இருக்கும் பறவையின் பெயரை போனில் ஒரு தடவை தேடுங்கள். அது இன்னும் பறக்கிறதா என்று தெரிந்துவிடும். தேசிய ஆடுபன் சங்கம் தன் தளத்தில் 435 படங்களையும் இலவசமாகவே கொடுக்கிறது. பூநாரையையோ, பொன் கழுகையோ திறந்து, விரலால் இழுத்துப் பெரிதாக்குங்கள். உங்கள் ஸ்கிரீன் போதாது. இறகின் ஒவ்வொரு இழையும் தெரியும். கழுகுக்குக் கீழே, பள்ளத்தாக்கின் குறுக்கே அந்த மரம் கிடக்கும். அதன் மேல் ஒரு ஆள் ஊர்ந்து போனான் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.